எங்க தெருவுல ஒருத்தர்

ஜன்னலோரம் வேணுமா தம்பி? தாராளமா வாங்க. இந்த ரோட்டுல நான் பார்க்காத மரம் ஒண்ணும் பாக்கி இல்ல. எதுவரைக்கும்? தேனியா? நல்லது, பேசிக்கிட்டே போயிரலாம்.

வர்ற வெள்ளிக்கிழமை என்ன பண்றீங்க? சோலி ஒண்ணும் இல்லேன்னா சின்னமனூர் சமுதாயக் கல்லூரிக்கு வாங்க. ரத்ததான முகாம் இருக்கு. ரத்தம் குடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல, சும்மா வந்து ஜூஸ் குடிச்சிட்டுப் போகலாம். அதுக்கு அடுத்த வாரம் கோலப்போட்டி. தலைப்பு மழைநீர் சேகரிப்பு. கோலத்துல எப்படிச் சேகரிப்பாங்கன்னு என்னைக் கேட்காதீங்க, பிள்ளைக போட்டுருவாங்க. மாசக் கடைசியில மூலிகைக் கண்காட்சி. அது முடிஞ்ச கையோட தையல் பிரிவுப் பிள்ளைக துணிப்பை ஊர்வலம் போறாங்க. எல்லாத்துக்கும் நான் இருப்பேன். வாசல்ல வந்து சுருளிவேல் சாரைப் பார்க்கணும்னு சொல்லுங்க, வாட்ச்மேன் விடுவான். விடலேன்னா கொஞ்சம் பொறுங்க. என்னையே அவன் சில நாள் விட மாட்டான். டியூட்டியில அவ்வளவு கரெக்டு.

வாத்தியாரான்னா கேட்டீங்க? இல்லீங்க. நான் டைம் கீப்பர். கம்பம் பஸ் ஸ்டாண்டுல மைக்குல சொல்லுவாங்கள்ல, "உத்தமபாளையம், சின்னமனூர், தேனி வழியாக மதுரை செல்லும் பேருந்து" அப்படின்னு, அந்தக் குரல் இந்தக் குரல்தான். ரிட்டையர் ஆயாச்சு. அந்தக் காலேஜுல படிக்கிறது என் வீட்டம்மா. பஞ்சவர்ணம்.

சிரிக்காதீங்க தம்பி. அங்க வயசு வித்தியாசம் கிடையாது. பத்தாவதோட நின்னவுக, கல்யாணம் ஆகிப் படிப்பை விட்டவுக, எல்லாரும் சேரலாம். நான் ரிட்டையர் ஆகி வீட்டுல உட்கார்ந்த மறு மாசம் திடீர்னு வந்து, "நான் படிக்கப் போறேன்"னா. எத்தனையோ வருசமா வராத ஆசை அப்பத்தான் வந்திருக்கு. என்ன படிப்புன்னு கேட்டேன். முதியோர் பராமரிப்பாம். எனக்கு மனசு குளிர்ந்து போச்சு. நமக்குத்தான் படிக்கிறான்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா, வகுப்பு காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும். வீட்டுல இருக்கிற முதியோரை யாரு பராமரிக்கிறது?

எனக்குக் குறை சொல்லிப் பழக்கம் இல்ல. அவ படிக்கணும்னு ஆசைப்பட்டா, நாம துணையா நிக்கணும். வீட்டுலயும் அப்படித்தான். ரிட்டையர் ஆனதுல இருந்து அடுப்படிக்கு ஒரு ஒழுங்கு கொண்டு வந்தேன். இத்தனை மணிக்கு உலை, இத்தனை மணிக்கு தாளிப்புன்னு வாசல்ல இருந்தே சொல்லிருவேன். பால் வச்சா பொங்கப் போகுதுன்னு முன்கூட்டியே சொல்லுவேன். போன்ல அவ தங்கச்சிகிட்ட பேசுனா, மறந்து போன விசயத்தைப் பக்கத்துல இருந்து எடுத்துக் குடுப்பேன். அவளுக்கு முன்னெல்லாம் தனியா எவ்வளவு சிரமமா இருந்திருக்கும்!

அதே மாதிரி காலேஜுக்கும் ஒத்தாசைக்குப் போனேன். விழா இருந்தாத்தான் போவேன். ஆனா அங்க விழா இல்லாத வாரம் கிடையாது. பிரின்சிபால் ஜெசிந்தா மேடம், தங்கமான மனுசி. முதல் தடவை மைக்கு கரகரன்னு சத்தம் போட்டப்போ நான் மேடையேறி வாங்கிச் சரி பண்ணிக் குடுத்தேன். குடுத்தேன்னு சொல்ல முடியாது, கையிலயே வச்சிருந்தேன். அன்னியில இருந்து அறிவிப்பு எல்லாம் நம்மதான். யாரும் கேட்டுக்கிடல, நானா ஏத்துக்கிட்டேன்.

விளையாட்டு விழாவுல மியூசிக்கல் சேர் வச்சாங்க. கடைசியில ஒரே நாற்காலி, பஞ்சவர்ணமும் ஆயிஷாங்கிற பிள்ளையும் சுத்துறாங்க. ஆயிஷாவுக்கு இருபது வயசு இருக்கும். என் வீட்டம்மா சீலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு என்னா ஓட்டம்ங்கிறீங்க! சிரிச்சுக்கிட்டே ஓடுறா. நான் அவ அப்படிச் சிரிச்சுப் பார்த்ததே இல்ல. பாட்டுப் போடுற பையன் கையையே நான் பார்த்துக்கிட்டு இருக்கேன். கை பட்டன் பக்கம் போகுது. மைக்கு நம்ம கையில இருக்கு. "பஞ்சவர்ணம், உட்காரு!"ன்னேன். டப்புன்னு உட்கார்ந்துட்டா. பாட்டு நிக்கல. அவுட்டு.

ஒரு நிமிசம் யோசிச்சு உட்கார்ந்திருக்கலாம். பதட்டம். அன்னிக்கு வீட்டுக்கு வர்றப்போ எனக்கு முன்னாடி விறுவிறுன்னு நடந்து போயிட்டா. தோத்துட்டோம்னு வருத்தம்போல.

இது சீலையம்பட்டி. ஏறுங்கம்மா, ஏறுங்க, பின்னாடி இடம் இருக்கு... எங்க விட்டேன்? ஆங், உணவுத் திருவிழா. கேப்பைப் பணியாரக் கடை போட்டா. நல்ல கூட்டம். நான் பக்கத்துல நின்னு, "இன்னிக்கு உப்பு கொஞ்சம் தூக்கல், பார்த்து வாங்குங்க"ன்னு வந்தவுக எல்லாருக்கும் சொன்னேன். உணவு விசயத்துல ஒளிவு மறைவு இருக்கக்கூடாது பாருங்க. மிச்சப் பணியாரத்தை நாங்கதான் ரெண்டு நாள் வச்சுத் தின்னோம். உப்பு சரியாத்தான் இருந்துச்சு.

அப்புறம் மதுரையில ஒரு முதியோர் இல்லத்தைப் பார்க்கக் கூட்டிட்டுப் போனாங்க. மாணவிகள் மட்டும்னு சொல்லிட்டாங்க. நியாயம்தான், வேன்ல இடம் பத்தாது. அதனால நான் தனியா பஸ் பிடிச்சுப் போனேன். எந்த வண்டி எங்க நிக்கும், எது நிக்காதுன்னு நமக்கு அத்துபடி. வேனுக்கு முன்னாடியே போய் கேட்டுல நிக்கிறேன். வேன் வந்துச்சு. பஞ்சவர்ணம்தான் முதல் ஆளா இறங்குனா. என்னைப் பார்த்துட்டு மறுபடியும் வேனுக்குள்ள ஏறிட்டா. எதையோ வச்சிட்டு இறங்கிட்டாபோல. ரொம்ப நேரம் தேடியிருக்கா, எல்லாரும் உள்ள போன பிறகுதான் வந்தா. அதுக்குள்ள அங்க இருந்த ஒரு பெரியவரு நான் புதுசா சேர வந்திருக்கேன்னு நினைச்சுக்கிட்டு எனக்குக் கட்டில் காட்டுறாரு. ஜன்னல் பக்கம். நல்ல காத்து.

அதுக்கடுத்த வாரம் ஜெசிந்தா மேடம் என்னைக் கூப்பிட்டு, "சார், உங்க கையெழுத்து அழகா இருக்குமே, போர்டுல ஒரு அறிவிப்பு எழுதணும்"னாங்க. எழுதினேன். "இனி நிகழ்ச்சிகளுக்கு மாணவிகளின் உறவினர் எவருக்கும் அனுமதி இல்லை." கலர் சாக்பீஸ்ல கீழ கோடு போட்டு, ரெண்டு பக்கமும் பூ வரைஞ்சேன். மேடம் சொல்லச் சொல்ல என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கையெழுத்தை ரசிச்சிருப்பாங்க. நல்ல விசயம் மேடம், கேட்டுப் பக்கம் பைக்குல நிக்கிற பயலுகளுக்கு இதுதான் சரின்னேன். மேடம் நெத்தியைப் பிடிச்சுக்கிட்டாங்க. வேலைப்பளு.

மறுநாள் வாட்ச்மேன் என்னைத் தடுத்துட்டான். தட்டிக் குடுத்தேன். "இப்படித்தான்யா இருக்கணும்"னேன். அப்புறம் பொறுமையா விளக்குனேன், உறவினர்ங்கிறது மாமன், மச்சான், சித்தப்பன். புருசன் எப்படி உறவினர் ஆவான்? அவன் யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே உள்ள போயிட்டேன்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் வைக்கிறதுன்னு முடிவாச்சு. தலைப்பு, "ஓய்வு பெற்ற கணவர் வீட்டுக்கு வரமா, பாரமா?" அருமையான தலைப்பு, யார் குடுத்ததுன்னு கேட்டேன். மேடம் பஞ்சவர்ணத்தைப் பார்த்தாங்க. பஞ்சவர்ணம் முந்தானையைப் பார்த்தா. ஆயிஷா சிரிப்பை அடக்கிக்கிட்டு வெளிய ஓடிருச்சு. யார் குடுத்தாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியல.

சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் அணி பிரிச்சாங்க. பட்டிமன்றத்துல அதுதான் முறை. மனசுல இருக்கிறதுக்கும் மேடையில பேசுறதுக்கும் சம்மந்தம் கிடையாது, எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கம் பேசணும். பஞ்சவர்ணத்துக்கு "பாரம்" விழுந்துச்சு. எனக்குப் பாவமா இருந்துச்சு தம்பி. என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அவ எங்க போய் பாயிண்டு தேடுவா? வாழ்ந்து பார்த்தாத்தான பேச வரும்? நான் வேணா ரெண்டு பாயிண்டு யோசிச்சுச் சொல்லட்டான்னேன். "வேணாம், இருக்கு"ன்னா. ஒரே வார்த்தை.

ஆண்டு விழா அன்னிக்கு முதல் வரிசையில உட்கார்ந்துட்டேன். பஞ்சவர்ணம் எழுந்திரிச்சா. கையில பேப்பர் இல்ல. நடுவருக்கு வணக்கம் சொல்லிட்டு, "எங்க தெருவுல ஒருத்தர் இருக்காரு"ன்னு ஆரம்பிச்சா பாருங்க...

அப்பா! அப்படி ஒரு பேச்சு நான் கேட்டதே இல்ல. அந்தாளு இருக்காரே, பால் பொங்கப் போகுது, பால் பொங்கப் போகுதுன்னு மூணு தடவை சத்தம் போடுவாராம். எந்திரிச்சு வந்து அடுப்பை அணைக்க மாட்டாராம். மண்டபமே சிரிக்குது. நானும் பால் பொங்கும்னு சொல்றதுதான், ஆனா ஒரு தடவையோட நிறுத்திக்குவேன். அந்தாளு பொண்டாட்டி போன் பேசுனா பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு யாரு, என்ன, எதுக்குன்னு நோண்டுவாராம். கோயிலுக்குப் போனா கூடவே வந்து, சாமிகிட்ட என்ன வேண்டுனன்னு கேட்பாராம். எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயித்து வலி. இப்படியும் ஒரு மனுசனான்னு பக்கத்துல இருந்தவரைக் கேட்டேன். அவர் என்னையே பார்த்தாரு. பின்னாடி வரிசையில எல்லாரும் எட்டி எட்டி என்னைத்தான் பார்த்தாங்க. பேசுறவ வீட்டுக்காரர் இவர்தான்னு தெரிஞ்சிருக்கும். எந்திரிச்சு ஒரு கும்பிடு போட்டேன். அதுக்கு இன்னும் ஜாஸ்தி கைதட்டல்.

அப்புறம் அவ குரல் இறங்குச்சு. "அந்த அம்மா நாள் முழுக்கத் தனியா இருக்கிறது குளிக்கிற நேரம் மட்டும்தான். அங்கயும் கதவுக்கு வெளிய நின்னு தண்ணி வீணாகுதுன்னு சத்தம் குடுப்பாரு. ஒருநாள் அந்த அம்மா குழாயைத் திறந்து விட்டுட்டு உள்ள சும்மா நின்னாங்க. தண்ணி ஓடுற சத்தத்துலதான் அழ முடியும்"னா.

தம்பி, ஜெசிந்தா மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. சொல்றதுக்கு வெட்கம் இல்ல, அழுதுட்டேன். கூடவே கோபம். எவன்டா அவன், அந்தப் பொம்பளையைக் குளிக்கக்கூட நிம்மதியா விடாத பயன்னு.

பாரம்தான்னு நடுவர் தீர்ப்பு சொல்லிட்டாரு. சிறந்த பேச்சாளர் பஞ்சவர்ணம். வீட்டுக்கு வர்ற வழியில, "யாருடி அது, நம்ம தெருவுல?"ன்னேன். "சும்மா, பேச்சுக்குச் சொன்னேன்"னா. பேச்சுக்குச் சொன்னாலும் ஆதாரம் இல்லாம வராது. நம்ம தெருவுல ரிட்டையர் ஆனவன் யாரு யாருன்னு யோசிச்சேன். கரண்டு ஆபீஸ் ஜெயராமன்தான். வேற ஆளே கிடையாது. மறுநாள் காலையிலயே போயிட்டேன். உட்கார வச்சு, "ஜெயராமா, பொம்பளைகளுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு. குளிக்கிற இடத்துலயாவது விடு"ன்னேன். அவன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் பொண்டாட்டியைக் கூப்பிட்டு, "அண்ணன் சொல்றதைக் கேளு"ன்னான். ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்தாங்க. அந்தம்மா எனக்குக் காப்பி குடுத்து, "அக்கா நல்லாருக்காங்களா?"ன்னு ரெண்டு தடவை கேட்டுச்சு. நான் சொன்னதுக்கு வருத்தம் ஒண்ணும் தெரியல. திருந்துவாங்கன்னுதான் நினைக்கிறேன்.

கோட்டூர் போயிருச்சா? இந்த வண்டி இன்னிக்குச் சீக்கிரம்.

இன்னிக்கு மாவட்டப் போட்டி தம்பி. வீரபாண்டி தாண்டி ஒரு பெரிய காலேஜ் இருக்குல்ல, அங்க. பல ஊர்க் காலேஜுல இருந்து வர்றாங்க. அதே தலைப்புதான், ஆனா அணி மறுபடியும் குலுக்கிப் போட்டு முன்னாடியே சொல்லியனுப்பிட்டாங்க. பஞ்சவர்ணத்துக்கு இந்தத் தடவை "வரம்".

எனக்குச் சந்தோசம் தாங்கல. இனி என்ன கஷ்டம்? கண்ணு முன்னாடி நடமாடுறேன், பார்த்துப் பார்த்துப் பேச வேண்டியதுதான? ஆனா என்னான்னு தெரியல, "பாரம்"னதும் "இருக்கு"ன்னு சொன்னவ, இதுக்குப் பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்துட்டா. தினம் உட்காருவா. ஒரு வரி எழுத மாட்டா. அவளுக்குத் தோத்துருவோம்னு பயம் வந்துருச்சு. ஆயிஷா போன் பண்ணுனா, "ஒண்ணும் வர மாட்டேங்குதுடி"ங்கிறா. அந்த மேடை அவளுக்கு அவ்வளவு முக்கியம் தம்பி. சாமி கும்பிடுறப்பக்கூட உதடு அசையுது, பேசிப் பார்க்கிறா. நான் காய்கறி வாங்கிட்டு வர்றதைச் சொல்லேன்னேன். "சொத்தைக் கத்திரிக்கா"ன்னா. மோட்டர் போடுறதைச் சொல்லேன்னேன். "நிறுத்த மறந்துருவீங்க"ன்னா. கோபமா சொல்லல, அலுத்துப் போய்ச் சொன்னா. அப்புறம் நானும் யோசிச்சுப் பார்த்தேன். என்னைப் பத்தி எனக்கே ஒண்ணும் சட்டுன்னு வரல. பேச்சுக்கலைங்கிறது எல்லாருக்கும் வராது பாருங்க.

இன்னிக்குக் காலையில சீலை கட்டிக்கிட்டு நின்னா. மாம்பழக் கலர்ப் பட்டு, மக கல்யாணத்துக்கு எடுத்தது. நான் சட்டையை மாட்டிக்கிட்டு, கிளம்பலாமான்னேன். கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே, "இன்னிக்கு நீங்க வராதீங்க"ன்னா.

ஏன்னேன்.

"நீங்க டியூட்டி முடிஞ்சு ராத்திரி எட்டு மணிக்கு வருவீங்கள்ல. தெருமுனையிலயே உங்க செருப்புச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டா எனக்கு அவ்வளவு சந்தோசமா இருக்கும். ஓடிப் போய்த் தோசைக்கல்லைப் போடுவேன். ராத்திரியெல்லாம் யோசிச்சேன், அது ஒண்ணுதான் கிடைச்சுது. அதை வச்சுத்தான் பேசப் போறேன். நீங்க எதிர்ல உட்கார்ந்திருந்தா அது எனக்கு ஞாபகம் வராதுங்க"ன்னா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அது ரிட்டையர் ஆகுறதுக்கு முன்னாடி நடந்தது, தலைப்பு ரிட்டையர் ஆனவரைப் பத்தி, அதனால மார்க்கைக் குறைச்சிருவாங்கன்னு சொன்னேன். தலைப்புக்கு வெளிய போகக்கூடாது பாருங்க, அதுதான் முதல் விதி.

அவ பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அவுகளுக்குக் காலேஜ் வேன் வந்துச்சு.

நான் சட்டையைக் கழட்டல. கொஞ்ச நேரம் வீட்டுல உட்கார்ந்து பார்த்தேன். சத்தமே இல்ல தம்பி வீட்டுல. நான் வேலைக்குப் போன அத்தனை வருசமும் அவ எனக்காகக் காத்துக்கிட்டு இந்த வீட்டுல எப்படி இருந்திருப்பான்னு தெரியல. செருப்புச் சத்தத்துக்கா ஒருத்தி காத்துக்கிட்டு இருப்பா? எனக்கு அப்ப அது தெரியாது. தெரிஞ்சிருந்தா கொஞ்சம் வேகமா நடந்திருப்பேன். அதுக்கு மேல உட்கார முடியல. கிளம்பி வந்து பஸ்ஸைப் பிடிச்சுட்டேன். வேன் அந்நேரம் சுத்திக்கிட்டுத்தான் போகும், நான் முன்னாடி போயிருவேன். முதல் வரிசை கிடைக்கும். அதுதான் ஏற்பாடு.

என்ன தம்பி தட்டுறீங்க? ஆமா, தெரியுது. வீரபாண்டி தாண்டிட்டோம். அந்தப் பெரிய வளைவுதான், பந்தக்கால்ல வாழை கட்டியிருக்காங்க. மைக் டெஸ்டு பண்றாங்க பாருங்க, ஹலோ ஹலோன்னு. கரகரங்குது. அவனுக்கு வயரைப் பிடிக்கத் தெரியல. அஞ்சு நிமிச வேலை.

"டைம் கீப்பரே, காலேஜ்!"

காதுல விழுந்துச்சு கண்டக்டரே, கத்தாதீங்க. நான் இங்க இறங்கல. டிக்கெட்டைத் தேனிக்கு மாத்திப் போட்டுக் குடுங்க. போங்க, ரைட் குடுங்க, பின்னாடி வண்டி நிக்குது.

அங்க எனக்கு ஒரு வேலையும் இல்ல தம்பி. வரம்னு பேசுறதுக்கு நான் அங்க இருக்கக்கூடாதாம், இருந்தாப் பேச்சு வராதாம். கணக்கு எங்கயோ இடிக்குது. ஆனா போட்டி அவளோடது. அவ ஜெயிக்கணும்.

தேனியில எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. நீங்க அங்கதான இருக்கீங்க, சொல்லுங்களேன். ஒரு மனுசன் காலையில பத்து மணியில இருந்து உட்கார்ந்திருந்தா யாரும் எந்திரிக்கச் சொல்லாத இடம் எதாச்சும் இருக்கா? நான் எட்டு மணிக்குத்தான் வீட்டுக்குப் போகணும்.